ஒரு நிமிடத்து மூச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். டியூட்டிக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபடி இதை எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்சுகளான எங்களுக்குத் தியான வகுப்பு வைத்தார்கள். கண்ணை மூடி மூச்சை வெறுமனே கவனிக்க வேண்டும். நானோ நோயாளிகளுக்கு எண்ணும் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், நீங்க இப்ப டியூட்டில இல்ல," என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே கேட்டது அம்மாவின் மூச்சு. கடைசி நாளில் போனை அம்மா வாயருகே வைத்தீர்களே, அதையும் எண்ணினேன். ஒன்பதுக்குப் பிறகு வரவில்லை. "அசந்து தூங்குறாம்மா" என்றீர்கள். தெரிந்தும் சரி என்றேன்.

தினமும் காலையில் உங்கள் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி எனக்கு எழுதுங்கள். பஸ் வந்துவிட்டது. தப்பாக எண்ணினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் மகள்