அக்காவின் புருவம்

4 அக்டோபர் 1997, சனி

கீமோவில் அக்காவுக்கு முடியோடு புருவமும் கொட்டிவிட்டது. யாருக்கும் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அதனால் இன்று கொலுவுக்குக் கிளம்பும்போது அவளுக்கு விக் வைத்தோம். லைப்ரரிப் புத்தகத்தில் படித்தபடி, பென்சிலால் ஒவ்வொரு முடியாக நான் புருவம் வரைந்தேன்.

முதல் வீட்டு ஆன்ட்டி குங்குமம் கொடுக்கும்போது உற்றுப் பார்த்தார். "என்ன ஷேப்டி இது! த்ரெடிங் எங்க பண்ணே?"

"எங்க சின்னவதான் வீட்லயே பண்ணி விடறா," என்றாள் அம்மா.

"அப்போ அடுத்த சனிக்கிழமை என் பொண்ணுக்கும் பண்ணிவிடும்மா!"

நான் தலையாட்டிவிட்டேன். த்ரெடிங் நூலை நான் தொட்டதேயில்லை.

காரில் ஏறியதும் அக்கா கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு இரண்டு புருவங்களையும் அழுந்தத் துடைத்தாள். "அடுத்த வீட்டுக்கு இப்படியேதான் வருவேன்மா."

அம்மா சாவியைப் போட்டாள், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. வாசலில் ஆன்ட்டி கையாட்டிக்கொண்டே நின்றார்.