கொடி ஏறிய நாள்

1954 ஆகஸ்ட் 11, புதன். பாறசாலை

காலை: இத்தேதியில் முன்னர் என்ன நிகழ்ந்தது என்று வழக்கம்போல் புத்தகங்களில் தேடினேன். குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் அகப்படவில்லை. சினிமாக் கொட்டகையில் இன்று படம் மாறுகிறது, அதையே குறிக்கிறேன்.

மாலை: மேலே எழுதியதை அடிக்கவில்லை, அடிப்பது என் வழக்கமன்று. புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திரண்ட தமிழர் கூட்டத்தின்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. எத்தனை பேர் இறந்தனர்? உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததை எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 18

குளத்தூர்க் கடற்கரையிலிருந்து அல்போன்சம்மா வக்கீல் தேடி என்னிடம் வந்தார். மகன் கிளீட்டஸைக் கைது செய்துவிட்டார்கள். பதினொன்றாம் தேதி தொடுவெட்டியில் கல்லெறிந்தவர்களுள் அவனைக் கண்டதாக ஒரு சாட்சி.

“அண்ணைக்கு ஆறாம் திருநாளாக்கும் சாறே. நாடகத்துல அவன் ராசா. விடிஞ்சதுல இருந்து பள்ளிக்கோயிலுக்க முன்னால பந்தலு கெட்டிட்டுக் கெடந்தான். கண்டவங்க முந்நூறு பேரு உண்டு. மீசை ஒட்டுன பசையில மேலுதடு வெந்துபோச்சு, ஜெயில்ல போயி பாரும்.”

போய்ப் பார்த்தேன். வெந்துதான் இருக்கிறது.

செப்டம்பர் 3

எதிரி கிளீட்டஸின் எழுத்துமூல அறிக்கையைத் தாக்கல் செய்தேன். பங்குக் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது ஆகஸ்ட் ஆறு மாலை. காலக்கெடுவை எண்ணுகையில் தொடக்க நாளைத் தள்ளுவது சட்டம். ஆகவே பதினொன்று, ஐந்தாம் திருநாள். அல்போன்சம்மா ஒன்று கூட்டிச் சொல்லியிருக்கிறார், திருத்தி எழுதினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

அக்டோபர் 21

அரசு வக்கீல் திருவிழாவின் அச்சு நோட்டீஸை எடுத்து நீட்டினார். அதில் தேதி இல்லை. ‘ஆறாம் திருநாள்: நாடகம்’ என்று மட்டும் இருக்கிறது. “பதினொன்றாம் தேதி ஐந்தாம் திருநாள் என்பது எதிரி தரப்பின் எழுத்து. அப்படியானால் நாடகம் பன்னிரண்டில். பதினொன்றில் ராஜா எங்கே படையெடுத்துப் போயிருந்தார்?”

கோர்ட்டே சிரித்தது. சாட்சிக் கூண்டில் நின்ற அல்போன்சம்மா மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “கொடி ஏறுன நாள விட்டுப்போட்டு ஆருய்யா திருநாளு எண்ணுவா?”

அந்த நோட்டீஸை நான் கேட்டு வாங்கவே இல்லை. கேட்டிருந்தால்—

என்ன செஞ்சுபோட்டேன்! முந்நூறு பேர் கண்ணால் கண்டதை ஒற்றை விதியால் அழிச்சுபோட்டேனே. அந்தம்மா சரியாத்தானே சொன்னா?

அக்டோபர் 22

சீனியர் வக்கீல் செல்லசாமியிடம் போனேன். “கட்சிக்காரன் தப்பாச் சொல்லித் தந்தான்னு எழுதிக் குடும். அவன் மீன்பிடி வள்ளக்காரன், அவனுக்கு என்ன கொறச்சல்? உமக்க பேரு கெட்டா பெறவு எவன் வருவான்?”

எழுந்து வந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

அக்டோபர் 25

பிழை என்னுடையது, என்னுடையது மட்டுமே என்று பிரமாணம் செய்து மனு கொடுத்தேன்.

நவம்பர் 9

அரசுத் தரப்பு சுட்டிய பிறகு புனைந்த சமாதானம் என்று மனுவைத் தள்ளினார்கள். இரண்டு ஆண்டு கடுங்காவல்.

விலங்கோடு என்னைக் கடக்கையில் கிளீட்டஸ் நின்றான். “ரெண்டு வருசம் எண்ணும்போ இன்னைய நாளு சேருமா சாறே, தள்ளணுமா?”

அதற்குச் சட்டத்தில் விடை உண்டு.

1955 மார்ச் 14

மேல்முறையீடு தள்ளுபடி.

மார்ச் 15

எழுத ஒன்றுமில்லை.

1955 ஆகஸ்ட் 6, சனி

இத்தேதியில்: பத்தாண்டுகளுக்கு முன் ஹிரோஷிமா.

இதை எழுதிவிட்டுக் குளத்தூர் போனேன். யாரும் அழைக்கவில்லை. இவ்வாண்டு ராஜா வேஷம் ஜோக்கிமுக்கு என்று பேசிக்கொண்டார்கள். அல்போன்சம்மா என்னைக் கண்டார். சற்று நகர்ந்து, நிற்க இடம் விட்டார்.

மாலை ஐந்தரைக்குக் கொடி ஏறியது.

முதல் நாள்.