வெட்டிப்போட்ட இரண்டு நொடி

மார்ச் 4, செவ்வாய்
மன்னித்துக்கொள் நோட்டே, உன்னைக் கிறுக்கி வீணாக்குகிறேன். வாயைத் திறந்து சொல்லத் தெரிந்தவள் எழுதிக்கொண்டிருக்க மாட்டாள்.

அம்மா கீழே கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். இந்த வாரம் அவள் நெற்றியில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அவள் கையைப் பார்த்து ரோபோ கற்றுக்கொள்ளுமாம். மேலே நான் அந்த வீடியோவைத் துண்டு போட்டு, நீட்டு, பிடி, தூக்கு என்று குறிக்கிறேன்.

அவள் யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது. "என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். முன்வாசலில் நான், பின்வாசலில் அவள்.

மார்ச் 6
ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஈரக் கண்ணாடித் தம்ளரைத் தூக்குமுன் அம்மா லேசாகத் திருகுவாள். எங்கள் டீம் லீடர் என் திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ரேடியோ ஸ்டேஷன் தேடுறாங்களா? வெட்டு." எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொரு வீடியோவிலும் அந்த இரண்டு நொடியை வெட்டினேன்.

நானும் சிரித்தேனா? சிரித்தேன்.

மார்ச் 12
ரோபோ இன்று ஒன்பது தம்ளர் உடைத்தது.

மார்ச் 13
"அந்தப் பாத்திரக்காரம்மாவுக்குக் கை நடுங்குது. வீடியோ எல்லாம் குப்பை. நாளைலேருந்து வேற ஆள்," என்றார் லீடர்.

குப்பையா? இருபது வருஷமா ஒரு தம்ளர் உடைக்காத கை! தம்ளர் ஒண்ணுல ஒண்ணு சிக்கியிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது, திருகினாத்தான் கைக்குத் தெரியும். மடையா, அவ சோதிச்சுப் பார்க்கிறா! இதைச் சொல்லாமல் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெட்டினதே நான்தானே?

மார்ச் 14
"நல்லதாப் போச்சு, நெத்தியிலேருந்து கேமரா பாரம் விட்டுது," என்று சிரிக்கிறாள் அம்மா. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 17
வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டு. யாரையும் கேட்காமல் ரோபோவுக்கு அதையே பாடமாகக் கொடுத்தேன்.

மார்ச் 21
ரோபோ தம்ளரைப் பிடித்தது. திருகியது. சிக்கியிருந்தது — மறுபக்கம் திருகியது. பிறகுதான் தூக்கியது. நாற்பதில் ஒன்றுகூட உடையவில்லை.

"பிரமாதம்! யாரும்மா சொல்லிக்குடுத்தா?" என்றார் லீடர்.

"நீங்க வெட்டச் சொன்னதுதான் சார் இது. கை நடுங்குதுன்னீங்களே... அவங்க எங்கம்மா."

குரல் உடைந்தது. ஆனாலும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை அவங்களை மேல கூட்டிட்டு வாம்மா," என்றார் தரையைப் பார்த்து.

கோபம் ஆறவில்லை. பாதி அவர்மேல், மீதி என்மேல்.

மார்ச் 24, திங்கள்
காலையில் தெருமுனை வரை சேர்ந்து நடந்தோம். வழக்கம்போல் அங்கே நின்றாள். "நீ முன்னாடி போ, நான் பின்பக்கமா வந்துடறேன்."

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"முன்வாசல் வழியா, என்கூட வாயேன்மா."