ஈந்த கூரைக்கு மறுத்த ஒளி

பகல் பிறழாது வருக. வெயில் குறையாது பொழிக. கூரைதோறும் ஒளி விளைக.

பரிதிநாட்டுக் கோட்டைகள் அனைத்துக்கும் உரியவரும், கதிர்க்களஞ்சியங்களின் திறவுகோலைத் திருக்கரத்தில் ஏந்தியவரும், இருள்கடிந்த பேரரசியுமான உலகொளி மாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, எயிற்பாடி நகரத்து ஆளுநர் கோவன் அணுக்கப்பேரரையர் காண எழுதிய ஓலை. உம் நகரத்து மதிலுக்கும் வாய்க்காலுக்கும், அங்கு வாழும் குடிகளுக்கும் நலம் உண்டாகுக. உமக்கும் நலம் உண்டாகுக என்று எழுத நம் எழுத்தர் ஆணியைப் பதித்தார், நாம் தடுத்துவிட்டோம். ஏன் என்பதை இனிப் படித்து அறிவீராக.

சென்ற வளர்பிறையில் நீர் விடுத்த ஓலை நம் பேரவையில் வாசிக்கப்பட்டது. உம் நகரத்துக் கூரைகளுள் மிகுதியாக ஒளி ஈந்தது சுண்ணாம்புச் சூளைத் தெரு நெடுங்கோ என்பாரின் கூரை என்றும், அவருக்குக் கதிர்வள்ளல் என்னும் பட்டமும் பொன்னிழைப் பட்டும் அருள வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். நாமும் உள்ளம் குளிர்ந்து, நம் ஓலைநாயகம் தென்னவதரையரிடம் பட்டைக் கொடுத்து, முரசும் சங்கும் உடன் அனுப்பினோம். அவர் முரசு அதிர அந்தத் தெருவில் நுழைந்தபோது அங்கே சாப்பறை ஒலித்துக்கொண்டிருந்தது. பட்டம் பெற வேண்டியவர் முற்றத்தில் பாடையில் கிடந்தார். தென்னவதரையர் முரசை நிறுத்தச் சொல்லிப் பட்டை மடித்துக்கொண்டார். அவர் திரும்பி வந்து அவையில் யாவற்றையும் சொன்னார்.

நடந்ததை நெடுங்கோவின் மனைவி சேந்தி சொன்னபடியே இதில் பொறிக்கிறோம். பின்னாளில் படிப்போர்க்கும் விளங்க வேண்டுமாதலால், நீர் அறிந்தவற்றையும் சேர்த்தே சொல்கிறோம்.

நெடுங்கோ சூளையில் உழைத்து மார்பு கெட்டவர். பொழுது சாய்ந்து குளிர்காற்று இறங்கினால் அவருக்கு மூச்சு ஏறாது. அதனால் ஒளியால் இயங்கும் மூச்சுத்துருத்தி ஒன்றைக் கட்டிலருகே சுவரில் பதித்திருந்தனர். அந்தி முதல் விடியல் வரை அது ஊதும், அவர் உயிரோடிருப்பார். சேந்திக்கு அந்தத் துருத்தியின் ஓசை கேட்டால்தான் கண் மூடும். அதற்காகவே தன் காதணிகளை விற்றுக் கூரை நிறையக் கதிர்த்தட்டுகள் பதித்தாள். அத்தட்டுகள் பகலில் வெயிலை வாங்கிச் செப்புக்கம்பி வழியே நகரக் களஞ்சியத்துக்கு அனுப்பும். இரவில் களஞ்சியம் வீட்டுக்குத் திருப்பித் தரும்.

திருப்பித் தருவதற்கு நீர் இரண்டு ஒப்பந்தங்களை மன்றத்தில் முரசறைந்து வைத்தீர். முதலாவது, ஈடுக்கு ஈடு. ஒரு படி ஒளி கொடுத்தவர் எப்பொழுதும் ஒரு படி எடுக்கலாம். இரண்டாவது, நீர் ஆசையோடு பெயரிட்ட வள்ளல் ஒப்பந்தம். பகலில் ஒரு படி கொடுத்தால் ஒன்றரைப் படியாக வரவு வைக்கப்படும். அந்திக்குப் பின் ஒரு படி எடுத்தால் மூன்று படியாகக் கழிக்கப்படும். அதன் முதல் பாதியை உம் முரசறைவோன் முச்சந்திதோறும் முழங்கினான். இரண்டாம் பாதியைச் சொல்லும்போது அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது போலும்.

எயிற்பாடியாரின் வழக்கமும் உமக்குத் தெரியும். பகலில் ஒளியைத் தொடுவது களஞ்சியத்தின் வாயிலிருந்து பிடுங்குவது என்று உம் ஊர்ப் பெண்கள் அரைப்பதையும் நீர் இறைப்பதையும் அந்திக்குத் தள்ளிப்போடுவார்கள். மிகுதியாகக் கொடுத்த வீட்டில் மஞ்சள் கொடி பறக்கும். வீட்டிலேயே செலவழித்த வீட்டைப் பார்த்துத் தெரு சிரிக்கும். சேந்தியும் ஊரோடு ஒத்துப்போனவள். இரண்டு ஒப்பந்தங்களையும் அவள் ஒப்பிடாமல் இல்லை. கணவரோடு உட்கார்ந்து கூழாங்கற்களை வைத்து எண்ணிப் பார்த்தாள். கூரை எவ்வளவு தரும் என்று எண்ணினாள். வீடு எப்பொழுது எடுக்கும் என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வள்ளல் ஒப்பந்தத்தையே ஏற்றாள். அடுத்த வீட்டு ஆழ்வி ஈடுக்கு ஈடு போதும் என்று நின்றுகொண்டாள், பகலிலேயே மாவரைத்தாள். கஞ்சப்பிசினாரி என்று பெயரும் வாங்கினாள்.

அதே கற்களை நாமும் நம் அரண்மனைத் தரையில் பரப்பினோம். சேந்தியின் கூரை நாளுக்கு நான்கு படி கொடுத்தது. வீடு அந்திக்குப் பின் மூன்று படி எடுத்தது. ஈடுக்கு ஈட்டில் நாள்தோறும் ஒரு படி மிஞ்சியிருக்கும். வள்ளலிலோ வரவு ஆறு, கழிவு ஒன்பது. நாள்தோறும் மூன்று படி பள்ளம்! ஒப்பந்தம் ஏற்றவர்க்கு நீர் முதலில் அள்ளிக் கொடுத்த இலவச ஒளி அந்தப் பள்ளத்தைச் சில திங்கள் மூடி வைத்தது. அது தீர்ந்த அந்தியில், உம் விதிப்படி, களஞ்சியக் காவலர் பூவணன் அந்த வீட்டுக்கு ஒளி பாயும் ஒளிக்கண்ணை அடைத்தார்.

துருத்தி நின்றது. ஊரே இருண்டுவிட்டது என்று நினைத்துச் சேந்தி வாசலுக்கு வந்தாள். தெரு முழுக்க விளக்கெரிந்தது. மஞ்சள் கொடி பறந்த அவள் வீடு ஒன்றுதான் இருண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆழ்வியைக் கணவரருகே இருத்திவிட்டு, தலைமுடி அவிழக் களஞ்சியத்துக்கு ஓடினாள். அங்கே நடந்த பேச்சைச் செந்தமிழாக்க வேண்டாம், கேட்டபடியே எழுதுக என்று எழுத்தரைப் பணித்தோம். பூவணன் எழுந்து வணங்கி, "அம்மா, கொடுக்கறதுல ஒங்க வீடுதான் மொத வீடு. எடுக்கறதுக்குத்தான் வரவு தீந்துபோச்சு. காலைல வெயில் வந்ததும் தானா தெறந்துக்கும்" என்றாராம். அதற்கு அவள், "வெயில் வரும்யா, வராமலா போவுது? அதுவரைக்கும் அவரு மூச்ச எங்க வச்சிருக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்விக்கு விடை உம் விதியில் இல்லை.

அவள் திரும்பி ஓடி வந்து, ஆழ்வியோடு சேர்ந்து துருத்தியின் சக்கரத்தைக் கையால் சுழற்றினாள். கையால் சுழற்றுவதற்கென்று செய்த சக்கரம் அன்று அது. உள்ளங்கைத் தோல் உரிந்தும் அவள் விடவில்லை. நெடுங்கோவே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாராம். பிடித்த கை பிறகு தளர்ந்துவிட்டது.

விடிந்ததும் பூவணன் சொன்னபடியே ஒளிக்கண் தானாகத் திறந்தது. ஆளில்லாத கட்டிலருகே துருத்தி ஊதத் தொடங்கியது. முற்றத்தில் உடலருகே இருந்த சேந்தி அவ்வோசை கேட்டு எழுந்து உள்ளே ஓடினாள் என்று சொல்லும்போது, பல போர்க்களங்களைக் கண்ட தென்னவதரையர் முகத்தை மூடிக்கொண்டார். அணுக்கப்பேரரையரே, ஒரு வீட்டின் ஒளியை நாளெல்லாம் குடித்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்க்குப் பட்டமும் கேட்டு எழுதிவிட்டு, அவர் மூச்சுக்கு ஒரு படி கொடுக்க மறுக்க உமக்கு எப்படி மனம் வந்தது?

ஆகவே கட்டளை. வள்ளல் ஒப்பந்தம் இந்த ஓலை கண்ட பொழுதே ஒழிக. எல்லா வீடுகளும் ஈடுக்கு ஈட்டில் நிற்க. இனி எந்த ஒப்பந்தத்தை முரசறைந்தாலும், வீடு எப்பொழுது எடுக்கும், அப்பொழுது என்ன கழியும் என்பதை முதலில் முழங்கிவிட்டே பிறவற்றைச் சொல்க. நோயாளர் இருக்கும் வீட்டின் ஒளிக்கண்ணை எக்காரணத்தாலும் அடைக்காதொழிக. பூவணனைத் தண்டிக்க வேண்டாம். உம் விதியை அவர் எள்ளளவும் பிழையாமல் செய்தார், நம்மை நடுக்குவதும் அதுவே. வள்ளல் ஒப்பந்தம் உம் மாளிகைக்கு மட்டும் ஓராண்டு தொடர்க. வரவு தீர்ந்த அந்தியில் பூவணன் வந்து அடைப்பார், நீர் இருட்டில் இருந்து உண்பீர்.

இன்னும் ஒன்று உண்டு. சேந்திக்கு என்ன வேண்டுமோ கேட்டு வருக என்று தென்னவதரையரை மீண்டும் அனுப்பினோம். நிலம் கேட்பாள், ஊர்தி கேட்பாள், உம் தலையையே கேட்பாள் என்றெல்லாம் அவையோர் பேசிக்கொண்டனர். அவள் கூரையைக் காட்டி, "அவரு முத்தத்துல கெடந்த அன்னிக்கும் அது கொடுத்துக்கிட்டே இருந்துச்சுங்க. எறக்கிடச் சொல்லுங்க, போதும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆதலால், இவ்வோலையைக் கண்ட மறுநாள், கதிர் எழுமுன், ஏவலர் எவரும் கைகொடாமல் நீரே அந்தக் கூரைமேல் ஏறி, தட்டு ஒவ்வொன்றையும் உம் தோளில் சுமந்து இறக்குக.

இது நம் ஆணை. நம் விரலாழி அழுந்திய அரக்கு முத்திரை இதற்குச் சான்று. படித்த பின் இவ்வோலையை மன்றத்துத் தூணில் யாவரும் காணக் கட்டுக.