ஒன்பது என்று எழுதிய சிவப்புத் துணி

ஓவேலி
16.3.2025, ஞாயிறு

மரியாதைக்குரிய இந்துமதி டீச்சருக்கு, எட்டாம் வகுப்பு ரேகாவின் அம்மா வேணி வணக்கம் சொல்லி எழுதுவது.

நானும் ரேகாவும் அவள் அப்பாவும் நலம். இங்கே பத்து நாளாக மழை இல்லை. தேயிலைக் கொழுந்து குறைந்துவிட்டது. பாதி நாள் களை வெட்டத்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் மாற்றலாகிப் போயிருக்கும் கடலோரத்தில் எந்நேரமும் உடம்பு பிசுபிசுவென்று இருக்கும், கிணற்றுத் தண்ணீர்கூட உப்புக் கரிக்கும் என்று நம்ம ஊர் ஜீப் டிரைவர் சுரேஷ் சொன்னான். உங்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி அங்கே எப்படி இருக்கிறது? குளிர் இல்லாததால் கொஞ்சம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பார்சல் புதன்கிழமை வந்து சேர்ந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான்தானே தலைவி, அதனால் ஹெட்மாஸ்டர் ஹரிதாஸ் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நானே அதைப் பிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சிப்பிகளைக் கொட்டிவிட்டு அட்டைப்பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தேன். அங்குள்ள பிள்ளைகள் வரைந்த ஆமைப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் புத்தி அப்படி, டீச்சர்.

பிறகு உங்கள் புதுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதத்தை ரேகா வகுப்பில் சத்தமாக வாசித்தாள். கரையில் கிடக்கும் கிழிந்த வலைகளையும் பிளாஸ்டிக்கையும் சனிக்கிழமைதோறும் பொறுக்குகிறார்களாம். ஆமை முட்டையிட்ட குழிகளைச் சுற்றிக் குச்சி நட்டு வைக்கிறார்களாம். முதலில் படகுக்காரர்கள் அந்தக் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார்களாம். படகு நிறுத்துகிற இடத்தைப் பறிப்பதற்குத்தான் டீச்சர் அடையாளம் வைக்கிறார் என்று நினைத்தார்களாம். நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிய பிறகு, இப்போது குழி கண்டால் அவர்களே பள்ளிக்கு போன் செய்கிறார்களாம்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. இந்தச் செய்தியை நான் கேட்க வேண்டும் என்றே எழுதச் சொன்னீர்களா? உங்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறதா? நாலு நாளாக இதே யோசனை. தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, என் வாயால் சொல்லிவிடுவது என்று இன்று லீவு நாளில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்தே உங்கள் மேல் எனக்குச் சந்தேகம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து தனியாக ஒரு பெண் இந்த மலைக்கு எதற்கு வருகிறாள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். அப்புறம் நீங்கள் சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்தீர்கள். யார் வீட்டுப் பக்கம் எந்த மாதம் யானை வந்தது, எந்த வழியாக வந்தது, எந்த வீட்டின் பின்னால் குப்பை கிடக்கிறது என்று பிள்ளைகள் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக வந்து கேட்டு எழுதினார்கள். எங்கள் வீட்டுக்கு என் மகளே நோட்டுடன் வந்து நின்று, வெளியாளிடம் கேட்பதுபோல் கேட்டாள். "எதுக்குடி இதெல்லாம்?" என்றேன். "டீச்சர் மேப் போடச் சொன்னாங்கம்மா" என்றாள்.

உங்களுக்கு எங்கள் கதை முழுதாகத் தெரியாது. எங்கள் அப்பா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஒருநாள் ஆபீசர்கள் வந்து பேர் எழுதினார்கள், ஆட்களை எண்ணினார்கள், காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். ரேஷன் அரிசிக்கு என்று அப்பா நினைத்துக்கொண்டார். ராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கும்போதுதான், இனி அந்த வீடு நமக்கு இல்லை என்று அவருக்கு உறைத்தது. இங்கே வந்தும் நாங்கள் இருக்கிற இடத்துக்குப் பட்டா கிடையாது. கரண்டுக்காக எத்தனை வருடம் அலைந்தோம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது யானை போகிற பாதை, எல்லாரையும் காலி செய்யப் போகிறார்கள் என்று வருடத்துக்கு ஒரு பேச்சு கிளம்பும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வந்து யானை வந்த வீடுகளைக் கணக்கெடுத்தால் நாங்கள் என்ன நினைப்போம், சொல்லுங்கள்.

போன வருடம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் நீங்கள் ஒரு ஜீப் அருகே நின்று பேசிக்கொண்டிருந்ததை மேலே மலையிலிருந்து பார்த்தேன். ஜீப்பில் வந்தவர் கையில் போன் மாதிரி ஒரு கருவி வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். நீங்கள் சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை அவரிடம் கொடுத்தீர்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று என் கொழுந்து எடை குறைந்து, கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன்.

அடுத்த வாரமே மரங்களில் சிவப்புத் துணி வந்தது. ஒவ்வொரு துணியிலும் ஒரு எண். என் வீட்டுக்குப் பின்னால் பாதை திரும்புகிற இடத்தில் நிற்கும் பலா மரத்தில் கட்டியிருந்த துணியில் ஒன்பது என்று எழுதியிருந்தது. லயத்தில் எங்கள் வீட்டு எண்ணும் ஒன்பது. ரேகாவைக் கேட்டேன். "யானை கடக்குற இடம்மா. ஒன்பது தடவ கடந்திருக்கு. சிவப்பப் பாத்தா நின்னு கவனிச்சுட்டுப் போகணும்" என்றாள். பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சுரேஷிடம் சொன்னேன். அவனும், "லிஸ்ட்டு எடுக்கறாங்கக்கா, இது அதுதான்" என்றான்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நானும் அவனும் போய்ப் பதினேழு துணிகளையும் அவிழ்த்தோம், டீச்சர். முடிச்சு இறுகியிருந்த இடத்தில் தேயிலைச் செடி கவாத்து வெட்டும் கத்தியால் அறுத்தேன். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். மறுநாள் நீங்கள் பிள்ளைகளிடம், "குரங்கு பிச்சிருக்கும், மறுபடி கட்டலாம்" என்று சொன்னதாக ரேகா வந்து சொன்னாள். நீங்கள் மறுபடி கட்டினீர்கள். சில வாரம் விட்டு நாங்கள் மறுபடி அவிழ்த்தோம். குரங்கு முடிச்சு அவிழ்க்குமா? உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே குரங்கு மேல் பழியைப் போட்டீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரியில் மேலிடத்துக்கு மனு எழுதினோம். பாடம் நடத்தாமல் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார், உயிருக்கு ஆபத்து என்று எழுதினோம். உண்மையான காரணத்தை அதில் எழுதவில்லை. எங்களுக்குப் பட்டா இல்லை என்பதை நாங்களே எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும் என்று பயம். முப்பத்தொரு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. ஜூனில் உங்களுக்கு மாற்றல் வந்தது. அந்த மனுவால்தான் வந்ததா, தானாக வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தானாக வந்தது என்று சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் பஸ் ஏறிய அன்று நான் வழியனுப்ப வந்ததே, நிஜமாகவே போகிறீர்களா என்று பார்ப்பதற்குத்தான். நீங்களோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கோங்க வேணிக்கா, பலாப் பழுக்குற மாசம் அந்தத் திருப்பத்துல காலைல தனியா யாரையும் விடாதீங்க" என்றீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை மாதம், பன்னிரண்டு நாள் விடாத மழை. பகலிலேயே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. மாரியாயியை உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாளே, என் நிரையில் கொழுந்து எடுப்பவள், அவள்தான். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது அந்தத் திருப்பத்தில் யானை நின்றிருந்தது. பழம் தின்றுகொண்டிருந்த யானைக்கு நேராகவே போய் நின்றிருக்கிறாள். திரும்பி ஓடுவதற்குள் தும்பிக்கையால் ஒரே தள்ளு. சரிவில் உருண்டு தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டதால் உயிர் தப்பினாள். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கூடலூரில் கட்டுப் போட்டு, அங்கிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். மலை ஏற முடியாது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். "அந்தச் சிவப்புத் துணி இருந்தப்ப நான் அங்க நின்னு பாத்துட்டுத்தான் போவேன் வேணி. அது போனப்பறம் மறந்தே போச்சு. எந்தப் பாவி அவுத்தானோ" என்றாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் ஹரிதாஸ் சாரிடம் பீரோவைத் திறக்கச் சொல்லி, பிள்ளைகள் போட்ட அந்தப் பெரிய மேப்பைப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் சிவப்பு வட்டம் போட்டு, ஜூன், ஜூலை, காலை ஆறிலிருந்து எட்டு என்று எழுதியிருந்தது. என் மகளின் கையெழுத்து.

ரேகாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். எட்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவள் அப்பாவிடம்தான் கேட்டாள். ஒன்பதாம் நாள், "துணி வாங்கிக் குடு" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளோடு நானும் சுரேஷும் போய்க் கட்டினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக் குப்பையை ஒரே குழியில் போட்டு மூடுகிறோம். பலாக் காய்களைப் பிஞ்சிலேயே வெட்டிவிடுகிறோம். எல்லாரும் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஏழெட்டு வீடு வருகிறது.

மாரியாயியிடம் சொல்லத்தான் எனக்கு எட்டு மாதம் ஆனது. உங்கள் பார்சல் வந்த அன்றைக்குச் சாயங்காலம் போய்ச் சொன்னேன். அவள் காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாளா, முன்பே தெரிந்து வைத்திருந்தாளா, இனிமேல்தான் கேட்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தால்கூட அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு விஷயம், டீச்சர். போன மாதம் காட்டிலாகாவிலிருந்து மூன்று பேர் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகள் போட்ட மேப் வேண்டும், யானை கடக்கிற இடங்களில் எச்சரிக்கை விளக்கு போட உதவும் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். "விளக்கு போட மட்டும்தான், வீடு எடுக்க இல்லேன்னு எழுதிக் குடுங்க" என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் பதில் வரவில்லை. குழு முடிவு செய்யட்டும் என்று சார் சொல்லிவிட்டார். வீட்டுப் பெயர்களை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். "பேர வெட்டிட்டா யாரு ஊட்டுப் பக்கம் விளக்கு போடுவாங்க?" என்று ரேகா கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம். மேப் இப்போது என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

வருகிற 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். சென்ற முறை என் பேச்சைக் கேட்டுத்தான் முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். கொடுக்காமல் விட்டு இன்னொருத்தி அந்தத் திருப்பத்தில் விழுந்தால் அது என் தலையில். கொடுத்து நாளைக்கு வீடு போனால் அதுவும் என் தலையில்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஜீப்பில் வந்தவர் யார்? அவரிடம் என்ன கொடுத்தீர்கள்? ஒரு வருடம் உங்கள் பின்னாலேயே ஒளிந்து நடந்தேன். ஒருநாள்கூட உங்கள் எதிரில் வந்து இதைக் கேட்கவில்லை. இப்போது நீங்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது கேட்கிறேன். நீங்கள் எழுதுவதை மேலும் கீழும் திருப்பிப் பார்க்க மாட்டேன். கொடு என்றால் கொடுப்பேன். வேண்டாம் என்றால் வைத்துக்கொள்வேன்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குப் பதில் எழுத மனம் வராமல் போகலாம். அப்படியென்றால் பிள்ளைகளுக்காவது இரண்டு வரி எழுதுங்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் போன பிறகும் மேப்பில் நாள் தவறாமல் குறித்து வந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல்.

கடற்கரையில் பிள்ளைகளோடு நிற்கும்போது அலையைப் பார்த்து நில்லுங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று ரேகா சொன்னாள். அங்கே படகுக்கார வீடுகளில் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். எங்களைவிட நன்றாக.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வேணி