நீ உனக்கு மட்டும் கட்டிக்கொண்ட வீடு

உன் போட்டோவை மாட்ட நேற்று நான்தான் ஆணி அடித்தேன். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு உன் மனைவி ஆள் அனுப்பியிருந்தாள். அவர் படத்தை அண்ணன் வந்து மாட்டிக் கொடுத்தால் தேவலை என்றாளாம். பத்து வருடத்துக்கு மேல் உன் வாசலை மிதிக்காதவன் நான். செத்தவனோடு என்ன வீம்பு என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிமெண்ட் சுவர் என்று நினைத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி ஆணி இறங்கிற்று. பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு, அதற்குப் பின்னால் சிவப்பாக மண். பழைய சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. அப்போதுதான் கவனித்தேன், வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே எனக்கு வேர்க்கவே இல்லை. திருப்பூர் முழுக்கச் சிமெண்டைக் கொட்டிக் கட்டினவன் வீட்டில் மண் சுவராடா?

ஒரே வகுப்பில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து சிநேகிதர்கள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொழில் தொடங்கிய காலம் நினைவிருக்கிறதா உனக்கு? பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் பழைய வீட்டை இடிக்கத்தான் ஆள் தேடுவார்கள். நாம் போய், இடிக்காதீங்க, இருக்கிற மண் சுவரையே நல்லதாக்கித் தருகிறோம் என்போம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசுவோம். சூடு வெளியேற மேலே துவாரம் வைப்போம். அளவும் படமும் என் வேலை. ஆளைப் பேசி மயக்குவது உன் வேலை. "ஏனுங்க, வேர்க்குற ஒடம்புக்குப் பனியன் போடுவீங்களா, மழைக்கோட்டு போடுவீங்களா? மண் சொவுத்துக்குச் சுண்ணாம்புதானுங்க பனியன்" என்பாய். பனியன் முதலாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேலை நமக்குத்தான் வரும்.

அப்படி வந்ததுதான் வேலம்பாளையத்து முதலாளி வீடும். ஐப்பசியில் அடைத்துப் பெய்த மழையில் சுவர் இடுப்பளவுக்கு ஊறிக் கிடந்தது. மாசி வரைக்கும் காயட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்குள் அவர் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது. தையில் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்களாம். நம் பக்கத்தில்தான் தெரியுமே, மாப்பிள்ளையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அவன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்காமல் போகமாட்டார்கள். "மண் ஊட்டைக் காட்டி எப்படீங்க பொண்ணு கேக்கறது? சிமெண்டுப் பூசிக் குடுத்துருங்க" என்று முதலாளி பிடிவாதம் பிடித்தார். ஈரத்தோடு மூடினால் சுவர் உள்ளேயே அழுகிப்போகும், முடியவே முடியாது என்றேன் நான். நீயும் என் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய்.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் பழநிக்கு நடந்தேன். வழியனுப்ப வந்தவன் என் தோளில் கை போட்டுச் சொன்னாய்: "முருகனைப் பாத்துட்டு நிம்மதியா வாடா. சொவுத்தை நான் பாத்துக்கறேன்."

நன்றாகப் பார்த்துக்கொண்டாய் போ! காலெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்தால் உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, அதன்மேல் ஆயில் பெயிண்டும் அடித்து, வீடு பளபளவென்று நின்றது. உன் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "கம்பெனிக்குப் புது மிஷின் ஷெட்டு கட்டற வேலையும் நமக்கே தர்றேன்னாருடா. ஒண்ணும் ஆகாது, உடு" என்றாய். உன்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் பேசினேன். உன்னோடு பேசாமல் இருக்க எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த ஐப்பசியில், விடிந்து கொஞ்ச நேரத்தில், புது மருமகளின் அறைச் சுவர் அடி கரைந்து அப்படியே உட்கார்ந்தது. வாசல் தெளிக்க அந்தப் பெண் எழுந்து வந்திருந்ததால் பிழைத்தாள். ஊரே கூடிவிட்டது. "இந்தச் சொவுத்தை வெச்சுக்கலாம்னு சொன்னது யாருங்க?" என்று முதலாளி கத்தினார். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

"இடிச்சுட்டுக் கட்டலாம்னு நான் அப்பவே சொன்னனுங்க. இவந்தானுங்க மண்ணே போதும்னான்."

அவ்வளவுதான் சொன்னாய். சிமெண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வாய் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன் பார், அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு நானே சொன்னேன், பூசும்போது நான் பழநியில் இருந்தேன் என்று. வேலையை விட்டுவிட்டு யார் போகச் சொன்னது என்று என்னையே கேட்டார்கள். முதலாளியாவது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால், தான்தான் அவசரப்படுத்தியதாக அவர் எப்படிச் சொல்வார்?

அதோடு என் கதை முடிந்தது. ஊருக்குள் எனக்கு மண்ணாங்கட்டி இஞ்சினியர் என்று பேர். மாட்டுக் கொட்டகையும் காம்பவுண்டுச் சுவருமாகக் காலத்தை ஓட்டினேன். நீ அந்த முதலாளியின் மிஷின் ஷெட்டைக் கட்டினாய். அப்புறம் அவிநாசி ரோட்டில் வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் கட்டினாய். அந்த வீட்டுக்காரர்கள் சித்திரையில் உள்ளே படுக்க முடியாமல் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன்.

நேற்று உன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். சுவரையே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், "நீங்க சொல்ற மொறப்படிதானுங்கண்ணா ஊட்டைக் கட்டுனாரு. ஒரு மழைக்காலம் முழுக்கக் காயப் போட்டாருங்க. வெளிய மட்டும் சிமெண்டுக் கலரு அடிச்சுட்டு, ஆருகிட்டயும் சொல்லிப்போடாதேன்னாருங்க" என்றாள். பாவம், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். நல்லாக் கட்டியிருக்கான் அம்மிணி என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

நிஜமாகவே நல்லாத்தான்டா கட்டியிருக்கிறாய். ஒரு மூலையில்கூடக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

இத்தனை வருடம் நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? உனக்கு மண்ணின் மேல் நம்பிக்கை போய்விட்டது, சுவர் விழுந்ததும் நிஜமாகவே பயந்துவிட்டாய், பயந்தவன் எதை வேண்டுமானாலும் சொல்வான் என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டு, எப்போதோ உன்னை மன்னித்திருந்தேன். நீ போன செய்தி வந்த அன்று அந்த மன்னிப்போடுதான் அழுதேன். இப்போது பார்த்தால் நீ நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், கடைசி வரைக்கும், என்னைவிடக் கெட்டியாக. அப்படியென்றால் அந்த மன்னிப்பை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன்னோடு ஒரு முழுச் சண்டை எனக்குப் பாக்கி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இனி நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன், சொல்லுடா?