அண்ணாவின் மெமரியைக் கழற்றியவன்

என் செல்ல அண்ணா,

உங்கள் கணினியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு அருவருப்பு. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீங்கள் படம்பிடித்து, முடிக்காமல் விட்டுப்போன கலியாண வீடியோவைக் கேட்டு, கிரான் ஊரிலிருந்து மணப்பெண் வந்தாள். அவளுடைய அப்பா போன மாதம் இறந்துவிட்டார். "அப்பா நடந்து வாற ஒரு காட்சியாவது எடுத்துத் தாங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணினியோ பத்து நிமிடத்துக்கொரு தரம் நீலத் திரை காட்டி நின்றது. உங்கள் சிநேகிதன் ரமணன், உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, தூசு தட்டித் தருவதாகத் தன் கணினிக் கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தந்த பிறகுதான் இந்தக் கோலம். அவனிடமே கேட்டேன்.

"ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு தங்கச்சி. உள்ளுக்க ஒண்டும் எடுக்க ஏலா."

நான் நம்பவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாகம் பாகமாய்ப் பூட்டிய கணினி அல்லவா? டிஸ்க்கைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. ரேம் மெமரியைச் சோதித்தேன், திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். மூடியைக் கழற்றினேன். நாம் சோடியாக வாங்கிப் போட்ட நீல மெமரிகளில் ஒன்றுதான் இருந்தது. மற்றதன் இடத்தில் லேபல் சுரண்டிய ஒரு பச்சை மெமரி. நீலத்தை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன்; பிழையே இல்லை. பச்சையைத் தனியே போட்டதும் மறுபடியும் சிவப்பு.

கடைக்குப் போய், "அண்ணன்ட மெமரி எங்க?" என்றேன்.

அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அவர்தான் இல்லையே புள்ள. சும்மா கிடந்த சாமான்தானே. வேற ஒண்டு தாறன், கொண்டு போ."

"உங்கட கையால ஒண்டும் வேணாம்."

உங்கள் பாடையைத் தூக்கிய தோள், அண்ணா. "நான் இருக்கன்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதவன். அழும்போதே அவன் கண் கணினியில்தான் இருந்ததா? அவன் பேச்சை நம்பி நான் டிஸ்க்கை எறிந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

மிஞ்சிய ஒற்றை மெமரியோடு, ஆமைபோல ஊர்ந்து, வீடியோவை முடித்தேன். அவளுடைய அப்பா வேட்டியைச் சரிசெய்தபடி நடந்து வந்து, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"ஆரப் பார்த்துச் சிரிக்கிறார் அக்கா?" என்று கேட்டாள் மணப்பெண்.

"எங்கட அண்ணாவ" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

இன்னும் இரண்டு கலியாணம் மிச்சம் இருக்கிறது, முடித்துக் கொடுப்பேன். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு ரமணன் வந்தால் படலை வாசலோடேயே திருப்பி அனுப்புவேன். "பாவம், விடு" என்பீர்கள். இந்த ஒரு விசயத்தில் உங்கள் சொல்லைக் கேட்க மாட்டேன்.

செட்டிபாளையத்திலிருந்து,
உங்கள் கூடப் பிறந்த தங்கச்சி
வசந்தி